ஸ்ட்ரோம்போலிக்கு விட்ட இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஒரு பயணக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. தெரிந்தவர் ஒருவர் நடத்தும் சிற்றிதழின் ஆண்டுமலருக்கு ‘இத்தாலியக் கடற்கரையும் தீவுகளும்’ என்று பத்துப் பக்கம் தருவதாக, விமானம் ஏறுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். கடைசிப் பந்தியைக்கூட எழுதி வைத்திருந்தேன். அதில் நான் படகின் முனையில் நின்று, கடலுக்கு நடுவே நெருப்புக் கக்கும் மலையைப் பார்த்தபடி, வாழ்க்கையைப் பற்றி ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன். நல்ல பந்தி. ஒரே ஒரு குறை, நான் அந்த மலையைப் பார்க்கவில்லை. மலையை விடுங்கள், ஒரு தீவைக்கூடப் பார்க்கவில்லை.

(சிசிலியே ஒரு தீவுதான் என்கிறான் நண்பன் பத்ரி. அது செல்லாது. நாள் முழுக்க ரயிலில் போயும் முடியாத இடத்தைத் தீவு என்று மனம் ஒப்புவதில்லை.)

பார்க்காததைக் கட்டுரையாக எழுதினால் பொய். அதையே கதை என்று பெயர் மாற்றினால் இலக்கியம். எனவே இது கதை.

2

தொடக்கங்கள். எல்லாம் கைவிட்டவை.

‘டிரேனியன் கடல் அன்று ஒரு நீலப் பட்டுச் சேலையைப் போல—’

என் மனைவி சிவமலர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஆர் உடுத்த சேலை?” என்று கேட்டாள். அத்தோடு சரி.

‘காற்றில் எலுமிச்சையின் வாசம்—’

காற்றில் இருந்தது ஆட்டிறைச்சிக் கறியின் வாசம். அதற்கு ஐந்தாம் பகுதியில் வருகிறேன்.

‘மூன்று நண்பர்கள், ஒரு கடல், ஒரு எரிமலை.’

சினிமாப் போஸ்டர்.

‘கார்த்திகேசுவின் கண் மங்கிக்கொண்டு வந்தது.’

இது ஒன்றுதான் உண்மை. ஆனால் இதில் தொடங்கக்கூடாது என்று கார்த்திகேசுவே சொல்லிவிட்டான். “என்னை வைச்சு ஆக்களை அழப்பண்ணாதை மச்சான். நடுவிலை எங்கையாவது போடு.”

போட்டுவிட்டேன்.

3

பாத்திரங்கள். இந்தக் கதையில் நண்பர்கள் மூன்று பேர்.

கார்த்திகேசு: லண்டனுக்கு வந்த புதிதில் வால்தம்ஸ்டோவில் ஒரே அறையில் என்னோடு இருந்தவன். அதற்குப் பிறகு காலமெல்லாம் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓடினான். இப்போது ஓடுவதில்லை. கண் நரம்பில் வருத்தம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. குழாய்க்குள்ளால் பார்ப்பது மாதிரி என்கிறான். மருந்து அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவன், வீட்டுக்குப் போகும் வழியில், ஸ்ட்ரோம்போலியைப் பார்க்கவேண்டும் என்றான்.

“அது எங்கை கிடக்கு?” என்று கேட்டேன்.

“இத்தாலிப் பக்கம். ஒருக்கா ஹீத்ரோவிலை ஏறின ஒரு மனிசன் வழி முழுக்க அதைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு வந்தவன். கடலுக்கு நடுவிலை மலை. தன்பாட்டிலை நெருப்பைத் துப்புமாம். இருட்டத் துவங்கினால்தான் வடிவாய்த் தெரியுமாம். எனக்குத் தோதான இடம்.”

பத்ரிநாராயணன்: மலேசியா, கிள்ளான். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். காப்புறுதி நிறுவனத்தில் வேலை. எல்லாவற்றுக்கும் மாற்றுத் திட்டம் வைத்திருப்பவன். விமானம், ரயில், படகு எல்லாம் அவன்தான் பதிந்தான். அவனுடைய மாற்றுத் திட்டங்களில் இல்லாத ஒரே ஆபத்து யாழ்ப்பாணத் தமிழர்.

நான்: கவுன்சில் ஒன்றின் வாகனத் தரிப்புப் பிரிவில் வேலை. அபராதச் சீட்டு வாங்கியவர்கள் எழுதும் முறையீடுகளைப் படித்து, பெரும்பாலும் இல்லை என்று பதில் எழுதுவேன். அதாவது, மற்றவர்களுடைய கதைகளை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம். வார இறுதியில் நானும் கதை எழுதுகிறேன். மனித மனம் விசித்திரமானது.

[மேலே உள்ள கடைசி வசனத்தை வெட்டவேண்டும். என்னிடம் எல்லாக் கதையிலும் இது வந்துவிடுகிறது.]

4

பயணத்தைக் கவிழ்த்தது ஒரு கிலோ மிளகாய்த்தூள்.

நாங்கள் சிசிலியில், பலெர்மோ நகரில் இறங்குகிறோம் என்று தெரிந்ததும் சிவமலர் சொன்னாள்: “அங்கை நீலவேணி இருக்கிறாள். என்னோடை படிச்சவள். வீட்டை ஒருக்கா எட்டிப் பாராமல் வந்தால் நல்லாயிருக்காது.” அத்தோடு, வறுத்து இடித்த தூளில் ஒரு பொதியையும் என் பெட்டிக்குள் வைத்தாள்.

உலகத்தின் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரிப்போம். இருந்தால் போய்ப் பார்க்காமல் வரமுடியாது. இல்லையென்றால் அந்த ஊரைப் பற்றியே ஒரு சந்தேகம் வந்துவிடும். பத்ரிக்கு இது விளங்கவில்லை.

“பத்து நிமிசம்தானே?” என்றான்.

“பத்து நிமிசம்தான். சப்பாத்துக் கழட்டவே மாட்டம்,” என்றேன் நான்.

இறங்கியதிலிருந்து கடலில் பலத்த காற்று. தீவுகளுக்குப் படகு ஓடவில்லை. சனிக்கிழமை காற்று ஓயும், பின்னேரப் படகு போகும் என்றார்கள். ஞாயிறு எங்களுக்கு விமானம். ஆகவே ஸ்ட்ரோம்போலிக்கு ஒரே நாள், அந்தச் சனிக்கிழமை. காலை ரயிலில் துறைமுகத்துக்குப் போய்விடவேண்டும். வெள்ளிக்கிழமை சும்மா இருந்தது. பொதியைக் கொடுத்துவிடுவோம் என்று புறப்பட்டோம்.

5

நீலவேணி கதவைத் திறந்தபோதே ஆட்டிறைச்சி கொதிக்கும் வாசம் வந்தது. வீடு நிறையத் தட்டுகளும் வாழைக்குலையும் தென்னம்பாளையும். சுவரில் முருகனுக்குப் பக்கத்தில், பலெர்மோ மலைமேல் கோயில் கொண்ட கத்தோலிக்கப் புனிதை சாந்த ரொசாலியா. மறுநாள் நீலவேணியின் மகள் மேனுஷாவுக்குச் சாமத்தியவீடு.

(வயதுக்கு வந்த பிள்ளைக்குச் செய்யும் இந்தச் சடங்கு இந்தக் காலத்தில் தேவைதானா என்று நான் இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். இரண்டும் காரசாரமானவை. இதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சிரிக்க உதவும்.)

நீலவேணியின் முகம் சரியில்லை. கனடாவிலிருந்து வரவேண்டிய தம்பிக்குப் புதுப்பித்த பாஸ்போர்ட் நேரத்துக்குக் கிடைக்கவில்லையாம். தேங்காய் உடைக்கவும் பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்கவும் தாய்மாமன் வேண்டும். இருந்தது அவன் ஒருவன்தான்.

அனுதாபமாகத் தலையாட்டினோம். சப்பாத்து காலில்தான் இருந்தது. அப்போது அவர் கார்த்திகேசுவைப் பார்த்து, பேச்சோடு பேச்சாக, “அண்ணை எவடம்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு லண்டன் என்று சொல்லியிருக்கலாம். அவன் இப்போது இருக்கும் ரெய்னர்ஸ் லேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். கார்த்திகேசு உண்மையைச் சொன்னான்.

“அனலைதீவு.”

“அனலைதீவிலை?”

“வடக்கு.”

“வடக்கிலை ஆரின்ரை?”

“தில்லையம்பலம் மாஸ்டரின்ரை மூத்தவன்.”

நீலவேணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். “அப்ப உங்கடை அம்மாவும் என்ரை அம்மாவும் ஒண்டுவிட்ட சகோதரியள். நீங்கள் எனக்கு அண்ணை முறை.”

தீவு தேடிப் போன பயணத்தில் நாங்கள் கண்ட ஒரே தீவு, அந்தச் சமையலறை வாசலில் வந்து நின்றது. கார்த்திகேசு குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.

6

மொட்டைமாடியில் பத்ரி கொதித்தான். அவன் சத்தம்போட்டு நான் கேட்டதே அன்றுதான்.

“அவங்களுக்கு வேற யாராச்சும் கிடைப்பாங்க லா. நீ அந்தம்மாவ இப்பத்தான் பாத்தே. நாம வந்தது உன் கண்ணுக்காக. நாளைக்கு விட்டா அடுத்த வருசம் உனக்கு என்ன தெரியும்னு யாருக்குத் தெரியும்?”

“தெரியும்,” என்றான் கார்த்திகேசு. “எனக்குத்தானே டாக்டர் சொன்னவர்.”

“அப்ப?”

“அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னாலை நிண்டு தாயின்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டது. நான் அதைக் கண்டிட்டன். கண்டதைக் காணாத மாதிரி விட்டிட்டுப் போய்ப் படகிலை இருக்க என்னாலை ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ.”

நான் அந்த நேரத்தில் ஆண்டுமலரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை.

[குறிப்பிட்டாயிற்று.]

நாங்கள் போகவில்லை. பத்ரி ரயில் சீட்டை ரத்துச் செய்தான். அரைமணி நேரத்தில் அவனும் கீழே இறங்கி வந்து, வெங்காயம் உரிக்கிறவர்களோடு உட்கார்ந்துவிட்டான்.

7

இனி வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். கவுன்சிலுக்கு இப்படி ஒரு முறையீடு வந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை. அடுக்குமாடியின் முற்றம். காற்று ஓய்ந்து நல்ல வெயில். மேனுஷா பலகையில் உட்கார்ந்திருந்தாள். கார்த்திகேசுவுக்கு யாரோ ஒரு பட்டு வேட்டி கொடுத்திருந்தார்கள். தேங்காயைச் சரியாகத்தான் உடைத்தான். பிறகு அறுகம்புல்லைப் பாலில் தோய்த்து எடுத்தான். வெயில் நேரே முகத்தில் அடித்தது. அந்த வெளிச்சத்தில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கை பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் விலகி, காற்றில் நின்றது. பால் நிலத்தில் சொட்டியது. கூடியிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கும் பத்ரிக்கும் விளங்கியது. எங்களால் அசைய முடியவில்லை.

மேனுஷா நிமிர்ந்து பார்த்தாள். ஆர்ப்பாட்டமே இல்லாமல் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, தன் தலைமேல் கொண்டுவந்து வைத்தாள்.

“இஞ்சை மாமா,” என்றாள்.

சாமத்தியவீட்டுக்கு எதிராக இரண்டு கட்டுரை எழுதியவன் ஆலாத்தித் தட்டோடு வரிசையில் நின்று, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தவித்தான். இப்போது சிரிக்கலாம்.

8

லண்டனுக்குத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். கதைக்கு உச்சம் போதவில்லை என்று பட்டது. தலைப்பில் எரிமலை இருந்தது, கதையில் இருந்தது அறுகம்புல். ஆகவே எங்களைத் தீவுக்கு அனுப்பினேன். இணையத்தில் கிடைத்த காணொளிகளைப் பார்த்து எழுதினேன்:

‘படகின் இயந்திரம் ஓய்ந்தது. கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மலையுச்சியில் முதலில் ஒரு சிவப்பு மட்டும் தெரிந்தது. பிறகு அது மேலே எழுந்து, பிரிந்து, சரிவில் உருண்டது. கார்த்திகேசு என் தோளைப் பிடித்தான். “தெரியுது மச்சான்,” என்றான்.’

நான் எழுதுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அவனுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். எழுத்தைப் படிப்பது இப்போது அவனுக்குச் சிரமம். இந்தப் பகுதியை வாசித்து முடித்ததும் அவன் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

“நல்லாய் எழுதியிருக்கிறாய்,” என்றான். “அதை வெட்டிவிடு.”

“ஏன்?”

“இன்னும் கொஞ்சக் காலத்திலை எனக்குப் பார்க்க ஒண்டும் இராது. அப்ப கண்டதுகளைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கவேணும். அதுக்குள்ளை நீ எழுதினதும் வந்து புகுந்திடும் மச்சான். எது நான் கண்டது, எது நீ வாசிச்சது எண்டு எனக்குப் பிரிக்க ஏலாமல் போயிடும். அந்தப் பிள்ளை என்ரை கையைப் பிடிச்சதை நான் கண்டனான். அரைகுறையாய்க் கண்டாலும் கண்டனான். அது கலங்கக்கூடாது.”

எழுதினவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டுக் கிடைக்காது என்று ஒரு கணம் பூரித்துப்போனேன். என்னுடைய மலையை உண்மை மலை என்று ஒருவன் நம்பிவிடுவானாம். அந்தப் பூரிப்போடு பாத்திரம் கழுவப் போனவன், அங்கே நின்று அழுதேன். அவன் குருடாகப் போகிறான் என்பது அதுவரை எனக்கு ஒரு கதைக்கான விஷயமாகவே இருந்திருக்கிறது.

9

முடிவுகள்.

அ) ஏப்ரலில் மறுபடி போகிறோம். அவன் மலையைக் காண்கிறான்.

ஆ) ஏப்ரலில் போகிறோம். முகில் மூடிக்கிடக்கிறது. படகில் எல்லோரும் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு—

இ) ஏப்ரலுக்கு முன்—

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மேனுஷா ஒவ்வொரு வாரமும் மாமனுக்குப் போன் எடுக்கிறாள். பலெர்மோவில் பிறந்தவள், அந்த மலையை அவளும் பார்த்ததில்லை. “ஏப்ரல்லை எனக்கு லீவு மாமா. வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்,” என்றிருக்கிறாள். பத்ரி டிக்கெட் போட்டுவிட்டான், காப்புறுதியோடு. படகு ஏறும் வரை யார் என்ன கேட்டாலும் எல்லோரும் லண்டன் என்றுதான் சொல்லவேண்டும் என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். சிவமலர் மிளகாய் வறுக்கிறாள்.

கார்த்திகேசுவின் போன மாதப் பரிசோதனை நன்றாக வரவில்லை. ஏப்ரலில் கடல் எப்படி இருக்கும், கண் எப்படி இருக்கும், எனக்குத் தெரியாது.

10

மலை வரவேண்டிய இடம் இதுதான்:

[



]

வாசகரே, இந்த இடத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன், நிரப்புவதற்கல்ல, காவலுக்கு. நீங்கள் ஸ்ட்ரோம்போலியைப் பார்த்தவராக இருக்கலாம். என்னைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவராகவும் இருக்கலாம். தயவுசெய்து அது என்ன நிறம் என்று எங்களுக்கு எழுதிவிடாதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவன் வெட்டச் சொன்ன துண்டைத் தாண்டி, இந்தக் கதையை அவனுக்கு வாசிக்கப்போகிறேன். இந்த இடம் வரும்போது நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவன், “ஓம், விளங்குது. அங்காலை வாசி,” என்பான்.

அங்கால் ஒன்றும் எழுதவில்லை.