தெருமுனைச் சுரங்கப்பாதை

தையற்கடைக்காரிக்கு வீட்டில் வாய் நீளம். வெளியே நாலு பேர் கூடிவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள்தான் அன்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நின்றாள்.

எல்லாம் கணவனுக்காக. சிறுநீரகம் கெட்டுப்போனதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எதிரிலிருக்கும் ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். சக்கர நாற்காலியை அவளும் நாத்தனாரும் மாறி மாறித் தள்ளுவார்கள். எந்த இடத்தில் எது வரலாம் என்று வகுக்கும் புது மண்டலத் திட்டமோ, அவர்கள் தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் தொழிற்பேட்டைக்கு ஒரு பெருஞ்சாலை போட்டிருந்தது. அதைக் கடக்க, எங்கோ கடைக்கோடியில் வரப்போகும் மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

"எல்லாம் மேலேயே முடிவாயிடுச்சு. கூட்டம் சும்மா கண்துடைப்பு" என்றார்கள் தெருக்காரர்கள்.

வேலைநாள் காலையில், தலைமை அலுவலகத்தில் கூட்டத்தை முடித்துவிடும்படிதான் மேலிடத்து உத்தரவு. திட்ட அதிகாரியான பெண்மணி மல்லுக்கட்டி, அதை விடுமுறை நாளில் அந்தத் தெருப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்திருந்தார்.

மைக்கின் முன்னால் தையற்கடைக்காரிக்குப் பேச்சே வரவில்லை. அமைச்சகத்திலிருந்து வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு. எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா."

"அவங்க பேசி முடிக்கட்டும் சார்" என்றார் அதிகாரி, குரலை உயர்த்தாமல்.

பின்வரிசையிலிருந்து நாத்தனார் கத்தினாள்: "வீட்டுல என்னை ஒரு வார்த்தை பேச விடமாட்டீங்க. இங்க மட்டும் வாய்க்குப் பூட்டா அண்ணி?"

கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பேச்சு வந்துவிட்டது.

"ரோடு வேண்டாம்னு சொல்லல. எங்க வீட்டுக்காரரை நான் எப்படி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறது? அதை மட்டும் சொல்லுங்க."

அதிகாரி அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். மறுநாள் அதிகாரியே வந்து, மேம்பாலம் வரப்போகும் இடம் வரைக்கும் கணவன் உட்கார்ந்த நாற்காலியைத் தானே தள்ளிப் பார்த்தார். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது.

"மெதுவா மேடம். உங்களுக்கும் ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் போட்டுடப் போறாங்க" என்றார் கணவன்.

சாலை வந்தது. அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆனால் தெருமுனையில், நாற்காலி இறங்கி ஏறச் சாய்தளம் வைத்த சுரங்கப்பாதையும் சேர்ந்து வந்தது. அதற்காக அதிகாரி மேலிடத்தோடு எவ்வளவு மோதினார் என்பது, அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்த பிறகுதான் தெருக்காரர்களுக்குத் தெரிந்தது.

தையற்கடைக்காரி அவருடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். "உங்க புண்ணியம் மேடம். இந்த உதவியை உயிருள்ள வரைக்கும் மறக்கமாட்டோம்."

"நான்தாம்மா உங்களுக்கு நன்றி சொல்லணும். அன்னைக்குக் கூட்டத்துல வெறும் காலி நாற்காலிங்கதான் இருந்திருந்தா, மேல போய் நான் யாருக்காகப் பேசறது?"

"ஒரு தடவை வந்து சுரங்கப்பாதையில நடந்து பாருங்க மேடம்."

அடுத்த விடுமுறையில் அதிகாரி வந்தார். நாற்காலியைத் தள்ளுவேன் என்று அடம்பிடித்தார். சுரங்கப்பாதை வழியாகப் போய்க் கணவனை ஆஸ்பத்திரிக்குள் விட்டுவிட்டு, அவர் வெளியே வரும்வரை பெண்கள் மூவரும் வாசல் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசித் தீர்த்தார்கள்.