படையலுக்கு வாங்கிய பாக்கெட்

நான் சிகரெட்டை விட்டு அறுபத்தேழு நாள் ஆகியிருந்தது. இதைச் சொல்லி நான் பீற்றிக்கொள்ளாத ஆள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாக்கி இல்லை. என் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் அட்டையோடு வந்தவர்களைக்கூட விடவில்லை.

ஆனால் விட்டது என் சாமர்த்தியத்தால் அல்ல. போன வருடம் அம்மா போன மூன்றாம் மாதமே, தங்கை திலகவதியின் வீட்டுக்காரர் தில்லைநாதனும் நுரையீரலில் புற்று வந்து போய்விட்டார். மச்சானும் நானும் ஒரே தீக்குச்சியில் பற்றவைப்பவர்கள். அவர் போனபின் திலகவதி ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாள். சிதம்பரத்துக்குப் போய் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் நான் இருமிய இருமலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நீ பிடிக்காத நாள்ல நான் சாப்புடுறேண்ணே. பிடிச்சின்னா அன்னிக்கு நான் பட்டினி. நீயே பாத்துக்க."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும். பிடித்தாயா என்பாள், இல்லை என்பேன். சில நாள் அவள் அழுவாள், சில நாள் நான் அழுவேன். அப்புறம் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பேன். இவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

மச்சானின் முதல் தெவசம் வந்தது. எங்கள் பக்கம் படையலில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். கிள்ளைக் கடற்கரை எறா, சுறாப்புட்டு என்று சொல்லிக்கொண்டே வந்த திலகவதி போனில் தயங்கினாள். சிகரெட்டும் வைக்கணும் என்று மாமியார் ராசம்மாள் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். வேறு யாரையாவது வாங்கிவரச் சொல்லட்டுமா என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. விட்டவனுக்கு என்ன பயம், நானே வாங்கி வருகிறேன் என்றேன். பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே பூனையே அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து சட்டைப் பையில் அந்தப் பத்து சிகரெட் பாக்கெட் நெஞ்சை இடித்துக்கொண்டே வந்தது. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிதம்பரத்தில் இறங்கினால், மச்சான் வழக்கமாக வண்டியோடு காத்திருக்கும் இடம் காலியாக இருந்தது. ஒரு வருடமாகக் காலியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கென்னவோ தாங்கவில்லை. பெட்டிக்கடை ஓரமாக ஒதுங்கி, செத்தவருக்கு வாங்கியதைப் பிரித்து ஒன்றைப் பற்றவைத்து முழுசாக இழுத்தேன். பிறகு வாயைக் கொப்பளித்து, ஏலக்காயை மென்றுகொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போனேன். தூ, இதெல்லாம் ஒரு ஜென்மமா.

இலை போட்டுப் பரிமாறியதும், பாக்கெட்டை நானே திறந்து படத்துக்கு முன்னால் வைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து ராசம்மாள்தான் முதலில் உள்ளே போனார். சோற்றைப் பார்த்தார், எறாவைப் பார்த்தார். பாக்கெட்டைக் கையில் எடுத்து எண்ணினார்.

"ஒம்போதுதான்டி இருக்கு திலகா. எம் புள்ள வந்துட்டுப் போயிருக்கான்."

பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். என்னிடமும் நீட்டி, நீயே எண்ணிப் பாருப்பா என்றார். எண்ணினேன். ஒன்பது. பூமி பிளந்து என்னை அப்படியே விழுங்கியிருக்கக் கூடாதா? திலகவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். ஆறு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், போன் இல்லாமலே கேட்டாள்.

"பிடிச்சியாண்ணே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை.

"ஒண்ணு. பஸ் ஸ்டாண்டுல. மச்சானுக்கு வாங்குனதுல."

தெரியும் என்றாள். நான் வாசலில் நுழையும்போதே தெரியுமாம். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"திட்டணும்னுதான் கிட்ட வந்தேன். ஒன் சட்டையில அவரு வாசன. இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்துலயே நிக்கணும்போல இருந்துச்சி. அவரக் கொன்ன வாசனண்ணே அது. எனக்கு வெக்கமா இருக்கு."

நான் படவேண்டிய வெட்கத்தை அவள் பட்டுக்கொண்டு நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னாள். வாங்கி, ஒரே ஒரு முறை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு சோப்புத் தண்ணீரில் போட்டு, அது மேலே வர வர அமுக்கினாள். அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவர்களாவது பிள்ளை வந்தான் என்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

எறா நிறைய மீந்திருந்தது. இன்றைக்கு மட்டும் சாப்பிடு என்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சொன்னா சொன்னதுதாண்ணே. நாளைக்கு ஆறு மணிக்குப் போன் பண்றேன். நல்ல பதிலா சொல்லு."

மாற்றிக்கொள்ள மச்சானின் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்த சட்டை, ஒரு வாசனையும் இல்லை. அதைப் போட்டுக்கொண்டு கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் நான் மூக்குப் பிடிக்கத் தின்றிருந்தேன். என் தங்கை அங்கே எனக்காகப் பட்டினி கிடந்தாள்.