மணவாளன் மாமா வழித்த நுரை

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். அன்று இரண்டு காதும் எரிந்தன.

புதுச்சேரி எல்லையில் இருக்கிற சின்ன பீர்க்கடையில் பீர் காய்ச்சுவது நான்தான். கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். காடாம்புலியூர் பலாச்சுளையும் கோதுமையும் சேர்த்து, முதன்முதலாக என் சொந்தப் பக்குவத்தில் ஒரு பீர் போட்டிருந்தேன். முதலாளி சுப்பராயலு கறாராகச் சொல்லிவிட்டார்: "மேல நுரை நிக்கலன்னா உன் பீருக்கு ஒதுக்குன குழாய வேற கம்பெனி பீருக்குக் குடுத்துடுவேம்மா." குழாய் போனால் என் வேலையும் போகும். ஆனால் தொட்டியிலிருந்து நான் பிடித்துப் பார்த்தபோதெல்லாம் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை ஜம்மென்று நின்றது.

அன்று ருசி பார்க்க உட்கார்ந்த அவர் மேசைக்கு வந்த கிளாசில் பொட்டு நுரை இல்லை.

"என்னாம்மா இது, ஆறிப்போன டீ மாதிரி கெடக்கு?"

"ஒரு நிமிஷம் சார்" என்று கவுண்டருக்கு ஓடினேன். அங்கே ஊற்றிக் கொடுக்கிறவர் மணவாளன் மாமா. என் அக்கா வீட்டுக்காரர், சிதம்பரத்துக்காரர். கிளாசைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, மீறி எழும்பிய நுரையையும் ஸ்பூனால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நெய்யில் முந்திரி வறுத்த அதே ஸ்பூன்!

"அய்யோ மாமா! என்ன வேல பண்றீங்க?"

"ஏன் கத்துற? நுரையோட குடுத்தா அளவுல ஏமாத்துறான்னு நம்ம ஊருல சட்டையப் புடிப்பாங்க. உன் பீராச்சேன்னு தளும்பத் தளும்ப ஊத்துனேன்."

பாசத்தாலேயே என்னைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

"நெய் பட்டா நுரை செத்துடும் மாமா. எம் பொழப்பே அந்த நுரையிலதான் இருக்கு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. வேறு கிளாசைச் சுடுதண்ணீரில் அலசி நீட்டினார். நேராக ஊற்றினேன். நுரை வெள்ளையாக எழுந்து நின்றது.

சுப்பராயலு குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் நுரை கண்ணாடியில் ஒரு வளையம் விட்டுக் கூடவே இறங்கியது. கடைசி வாய் வரைக்கும் கலையவில்லை.

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த தொட்டியிலயும் இதையே போடும்மா."

சரி சார் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை முந்திக்கொண்டது. அடுத்த மேசைக்குக் கிளாஸ் கொண்டுவந்த மாமா, நுரையைக் கையால் மறைத்தபடி அதட்டினார்:

"தள்ளி நின்னு அழுவு லேகா. மேல விழுந்தா நுரை போயிடப் போவுது!"