வேணாம்னு சொன்னது யாரு

அமராவதிக்கு வாய் ஓயாது. நார்த்தாமலைக்குப் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு இட்லிக் கடை நடத்துகிறாள். விடிகாலையில் வருகிற குவாரி ஆட்கள், அவள் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் கடை திறந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். அவளுக்கு ஒரே மகள் இலக்கியா. வயசு பத்தொன்பது. பிறக்கும்போது மூளைக்குக் காத்துப் போகாததில் காலும் நடக்கவில்லை, நாக்கும் திரும்பவில்லை. வலது கையில் நடுவிரல் முட்டி ஒன்றுதான் சொன்னபடி கேட்கும். அறிவில் ஒரு குறையும் கிடையாது. ரெண்டு பேருக்கான பேச்சையும் ஆண்டவன் ஒருத்தி வாயிலேயே வைத்துவிட்டான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அமராவதியும் அப்படித்தான் நடந்துகொண்டாள். மகளுக்குப் பசிக்கும் முன்னால் ஊட்டிவிடுவாள். யாராவது மகளிடம் ஒன்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் இவள் பதில் சொல்லி முடித்திருப்பாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் ஒரு டாக்டரம்மா, தன் பிள்ளை வைத்திருந்த பழைய டேப்லெட்டை இலக்கியாவுக்குக் கொடுத்தார். அதில் படம் படமாகப் பட்டன்கள். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பொம்பளைக் குரல் வரும். டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரிக் குரல். "தயவுசெய்து என்னை வெளியே அழைத்துச் செல்லுங்கள்" என்று அது சொன்னால், இட்லி தின்றுகொண்டிருக்கிறவர்களுக்குப் புரையேறிவிடும். "இது அமராவதி மகளா? கலெக்டரம்மால்ல பேசுறாங்க" என்பார்கள். இலக்கியாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் நாள் போகப் போக, ஆள் இருக்கும்போது அவள் அந்தக் குரலைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் டேப்லெட் சும்மா மடியில் கிடக்கும். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் மட்டும் அதைக் காதோரமாக வைத்துக்கொண்டு முட்டியால் தட்டிக்கொண்டே இருப்பாள். கேம் விளையாடுகிறாள் என்று அமராவதி மாவாட்டப் போய்விடுவாள்.

போன வாரம்தான் வந்தது வினை. புதுப்பிக்கலாமா, புதுப்பிக்கலாமா என்று டேப்லெட் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அமராவதியால் ஆகுமா? சட்னிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு 'சரி'யை அமுக்கிவிட்டாள். மறுநாளிலிருந்து சாமான் நகரவே மாட்டேன் என்கிறது. தண்ணீர்ப் பட்டனைத் தொட்டால், தண்ணியைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்கிறது. அணைத்துப் போட்டுப் பார்த்தாள், ராத்திரி பூராவும் சார்ஜில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. இலக்கியாவுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணீர் விட்டாள். ஒரு பழைய சாமானுக்கா இந்தப் பாடு என்று அமராவதிக்குப் புரியவில்லை. ஆனாலும் பிள்ளை வாயை நம்ம கையாலேயே அடைச்சுட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைக்கு லீவு விட்டாள். ஆட்டோவில் வீல்சேரை மடக்கி ஏற்றி, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கீரனூர் போய் இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் சத்யபிரியாவின் செல்போன் சர்வீஸ் கடை. முப்பது வயசு இருக்கும், நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமராவதி தலையும் வாலுமாக எல்லாத்தையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு டேப்லெட்டை வாங்கினாள்.

"ஏழு வருஷத்து மாடல்க்கா. புது அப்டேட்டைத் தாங்காது. ஆனா இவ்வளவு மோசமாவும் போகாதே" என்றபடி உள்ளே போய்ப் பார்த்தாள். புருவம் ஏறியது. "அதான பாத்தேன். இடமே இல்ல. முப்பத்திரண்டு ஜிபியும் ரொம்பிக் கெடக்கு. அப்டேட் வந்து உக்காந்ததும் மூச்சு முட்டிருச்சு. என்னக்கா வச்சிருக்கீங்க இதுல?"

"ஒண்ணுமில்லமா. பொழுது போகாம கேம் வெளாடுவா."

"அப்ப ரீசெட் அடிச்சிரலாம். எல்லாத்தையும் அழிச்சிட்டு, அந்தப் பேசுற ஆப்ப மட்டும் திருப்பிப் போட்டுத் தர்றேன். புதுசு கணக்கா ஓடும்."

"அடிங்க, அடிங்க. ஓடுனா போதும்."

இலக்கியா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். கை விலுக் விலுக்கென்று இழுத்தது. வீல்சேர் ஆடியது.

"ஒண்ணுக்கு வருதா? செத்த இரு, போயிறலாம்" என்று அமராவதி மகளின் தோளைப் பிடித்தாள். இலக்கியா தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முட்டினாள். கண் டேப்லெட்டை விட்டு நகரவில்லை. சத்யபிரியாவுக்கு என்ன தோன்றியதோ, அதை அவள் முன்னால் கொண்டுபோய்ப் பிடித்தாள். இலக்கியா முட்டியால் இழுத்து, தள்ளி, ரெண்டு மூன்று இடத்தில் குத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

"பாத்தீங்களா, இப்படித்தான் அடைச்சுக் கெடக்கு" என்றாள் அமராவதி. "நீங்க வேலையப் பாருங்க."

சத்யபிரியா டேப்லெட்டை மேசைக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு பக்கமும் திறக்க அரை நிமிஷம் ஆனது. கடைசியாக, எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. அமுக்குவதற்கு விரலைக் கொண்டுபோனாள்.

"வேணாம். தொடாதீங்க."

சத்யபிரியா விரலை இழுத்துக்கொண்டாள். "சரிக்கா, வேணாம்னா விட்ருவோம். ஆனா இப்பத்தான அடிங்கன்னீங்க?"

"நான் எங்க வேணாம்னேன்?"

"இந்தா இப்ப சொன்னீங்களே, தொடாதீங்கன்னு."

அமராவதி தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். சொன்னது அவள் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அதிசயமாக ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருக்கிறாள். மறுபடியும் அதே குரல் வந்தது. இந்தத் தடவை ரெண்டு பேரும் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொடாதீங்க. என்னோடது."

குரலுக்குப் பின்னால் வாளி உருளுகிற சத்தமும் ஒரு லாரி ஹாரனும் கேட்டன. சட்னி வாளியில் கை வைக்க வந்த யாரையோ அமராவதி என்றைக்கோ அதட்டினது அது. கொஞ்சம் முன்னால் இலக்கியா முட்டியால் குத்தினது இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது.

சத்யபிரியா ரீசெட்டை விட்டு வெளியே வந்து, அந்த ஆப்பைத் திறந்தாள். திறக்கத் திறக்கப் பட்டன்கள் வந்துகொண்டே இருந்தன. டாக்டரம்மா கொடுத்தபோது இருந்தவை எண்பது. இப்போது அறுநூற்றுச் சொச்சம். ஒன்றைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். "நாளைக்கு" என்றது அமராவதியின் குரல், பின்னால் எண்ணெய் பொரிந்தது. இன்னொன்று, "யாரு?" அதற்கு ஒரு காக்கை கூடவே கத்தியது. "இல்ல." "பெறகு." "புடிக்காது." "எலை." "அங்கிட்டு." "ஏன்?" ஒரு பக்கம் முழுக்கத் திட்டாகவே இருந்தது. அமராவதி கடன் கேட்டு வருகிறவனுக்குக் கொடுக்கிற திட்டு ஒன்று விடாமல் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, இங்க பாருங்க." சத்யபிரியாவின் குரல் இறங்கிவிட்டது. ரெக்கார்டர் உள்ளே நீள நீளமாக இருநூறு பதிவுகள். ஒவ்வொன்றும் ஒரு காலை நேரத்துக் கடை. "காலையில மடியில வச்சு ஆன் பண்ணி விட்ருக்கா. நீங்க பேசுறது பூராம் பதிஞ்சிருக்கு. மத்தியானம் அதுலேருந்து ஒவ்வொரு வார்த்தையா வெட்டி எடுத்துப் பட்டன்ல கோத்திருக்கா."

"வெட்டுறதா? இவளா?"

சத்யபிரியா தன் போனை எடுத்து, அமராவதியை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிப் பதிந்து, அதிலிருந்து ஒரு வார்த்தையை மட்டும் வெட்டிப் பார்த்தாள். முதல் தடவை வாலைக் காணோம். ரெண்டாவது தடவை தலை போய்விட்டது. நாலாவது தடவைதான் வார்த்தை முழுசாக வந்தது. தினம் ஊசிமுனை ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுகிற கை அது. அவள் போனை வைத்துவிட்டு இலக்கியாவின் மடங்கிப்போன முட்டியைப் பார்த்தாள். ஓரத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது.

"எட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றாள். "இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல."

அமராவதி மகளைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகக் காற்றில் போகிறது என்று நினைத்து வாரி இறைத்த பேச்சு. அதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருத்தி பொறுக்கியிருக்கிறாள், சுத்தம் பண்ணியிருக்கிறாள், அடுக்கி வைத்திருக்கிறாள். செய்திக்காரி குரல் வேண்டாம், நம்ம ஊர்ப் பேச்சு வேண்டும் என்று தனக்கு ஒரு வாயைத் தானே செய்துகொண்டிருக்கிறாள். அந்த வாயை அடிங்க, அடிங்க என்று ரெண்டு தடவை சொன்ன தன் வாயை அறையலாம் போல இருந்தது அமராவதிக்கு. கோயிலில் நிற்கிற மாதிரி நின்றாள். கையைக் கூப்பாததுதான் பாக்கி.

பிறகு சத்யபிரியா அமராவதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. இலக்கியாவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பதிவாகக் காட்டினாள். "இதுல வெட்டி முடிச்சாச்சா? ஆமான்னா கண்ண மூடு." முடிந்ததையெல்லாம் ஒரு மெமரி கார்டுக்கு மாற்றினாள். வெட்டாத பன்னிரண்டை அங்கேயே விட்டாள். அறுநூறு பட்டனுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைத்தாள். பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ரெண்டரை மணி நேரம் ஆனது. வெயில் கடைப் படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. அமராவதி இடையில் டீ மட்டும் வாங்கிவந்து கொடுத்தாள்.

அணைத்துப் போட்டு, டேப்லெட்டை இலக்கியாவின் மடியில் வைத்தாள் சத்யபிரியா. முட்டி பட்டதும் பட்டன்கள் சட்டென்று திறந்தன.

"எப்படி இருக்கு, வேகம் போதுமா?"

"போதும் போதும், நல்லா ஓடுது, இவளுக்கு இவ்வளவு" என்று அமராவதி ஆரம்பித்தாள்.

"சும்மா. இரு. ஆத்தா. நான் சொல்றேன்."

நாலும் நாலு காலையில் பேசினது. 'சும்மா' யாரையோ அதட்டினது. 'இரு' மெதுவாகச் சொன்னது. ஆனால் 'ஆத்தா' மகளைக் கொஞ்சினது. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளையை ஆத்தா என்று கொஞ்சுவார்கள், பெற்றவளையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக இலக்கியாவைப் பார்த்து அமராவதி அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அமராவதியை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. இலக்கியாவின் முட்டி அடுத்த பட்டனைத் தேடிப் போனது. மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று அமராவதிக்குத் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, காத்திருந்தாள்.