கரும்புகையும் மூன்றாம் பகுதியும்

1

என் பெயர் அருண்பாண்டி. வயது இருபத்து நான்கு. திருமுருகன்பூண்டி தாண்டி ஒரு சாயப்பட்டறை வாசலில், லாரிக்குள் உட்கார்ந்து ஃபோனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் பேசப் பேச அது எழுதிக்கொள்கிறது. எனக்கு முன்னால் துணி இறக்க வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நேரம் இருக்கிறது.

தங்கச்சி ஆஷா, நீதான் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போகிறாய். நேற்று ஃபோனில் அம்மா கேட்டது: "மொதலாளி நல்லவரு நல்லவருங்கிறியே, அப்படி என்னடா செஞ்சாரு?" "ஒண்ணுமில்லம்மா, ஒரு வார்த்த சொன்னாரு" என்றேன். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் கதையாகச் சொல்கிறேன்.

ஒரு ஏற்பாடு. கதைக்குள் நான் வரும் இடத்தில் "அவன்" என்றுதான் இருக்கும். "நான்" என்று இருந்தால் அம்மா இரண்டாவது வரியிலேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடும்.

2

அன்று காலை வானம் மேகமூட்டமாக

வேண்டாம். வானத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்தது புகையை.

நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றிப்போகும் பழைய டீசல் லாரி அது. அவன்தான் டிரைவர். புகைச் சோதனைக்காரர் சைலன்சருக்குள் குழாயைச் செருகி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். அவன் மிதித்தான். பின்னால் டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு உள்ளே போய்விட்டார்கள்.

"ஏனுங்க தம்பி, வண்டிக்குள்ள அடுப்பு கிடுப்பு வெச்சிருக்கறீங்களா?" என்றார் சோதனைக்காரர். சான்றிதழ் கிடைக்கவில்லை.

முதலாளி சென்னியப்பனுக்கு இருப்பது ஒரு சின்ன நிட்டிங் கம்பெனியும் இந்த ஒரே வண்டியும். மெஷின்களிலிருந்து பஞ்சு பறந்துகொண்டே இருப்பதால் அவர் எல்லாவற்றையும் பனியன் துணியால் மூடிவைப்பார். தண்ணீர்க் குடம், ஸ்கூட்டர் சீட், சாமி படம் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. (இதை நினைவில் வைத்துக்கொள், ஆஷா. கதை எழுதுகிறவர்கள் இப்படி எதையாவது முன்னாலேயே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதது மாதிரி நடப்பார்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. சொல்லிவிட்டேன்.)

மெக்கானிக் பூபாலன் வந்து பார்த்தார். "காத்து பத்தலீன்னாலும் கறுப்பாப் பொகையுமுங்க, டீசல் சாஸ்தியா எறங்குனாலும் பொகையுமுங்க. ஏர் ஃபில்டர் எப்படீங்க?"

"அது புதுசுங்க. போன மாசந்தான் நானே மாட்டுனேன்" என்றார் முதலாளி.

அப்படியென்றால் டீசல் அதிகமாக இறங்குவதுதான் காரணம் என்று பூபாலன் டீசல் பம்ப்பைக் கழற்றினார். அது கோயம்புத்தூர் போய்ச் சரிபார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. புகை போகவில்லை.

3

இந்தப் பகுதியைப் பேசினேன், அழித்தேன், மறுபடியும் பேசுகிறேன்.

கரும்புகை விடும் வண்டி டீசலையும் அதிகமாகக் குடிக்கும். ஒரு டேங்குக்கு முன்பு ஓடிய தூரம் இப்போது ஓடவில்லை. பம்ப்பும் சரி, ஃபில்டரும் புதுசு என்றால் டீசல் எங்கே போகிறது? பூபாலனும் லோடு ஏற்றும் சந்தனமும் நின்றுகொண்டிருக்கும்போதே முதலாளி கேட்டார்.

"கண்ணு, டீசல வெளிய ஊத்திக் குடுத்துட்டு வேற எதையாச்சும் கலக்கறியா?"

கோபமாகக் கேட்கவில்லை. கண்ணு என்றுதான் கேட்டார். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

"இல்லண்ணே. எங்கம்மா மேல சத்தியமா இல்லண்ணே."

"மறுக்காவும் டெஸ்ட்டுல போச்சுன்னா வண்டியக் காயலாங்கடைக்குத் தள்ளிருவேன். நீயும் ஊருக்குக் கெளம்பிக்கோ கண்ணு."

வேலை போவது ஒன்று. திருடன் என்ற பெயரோடு ஊருக்கு வருவது வேறு. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் முதலாளியைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். மீசையை முறுக்கவிட்டேன். கதை நன்றாக ஓடியது. ஆனால் அவருக்கு மீசையே கிடையாது.

4

மறுநாள் பூபாலன் வேறு வழி தெரியாமல், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினார். அதுவரை திணறிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று சீரானது. புகை வெளுத்தது.

ஃபில்டர் புதுசுதான். ஆனால் அதைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பனியன் துணி, இரண்டு சுற்று, கச்சிதமாக. பஞ்சும் எண்ணெயும் ஏறி அடைபோல இறுகியிருந்தது. காற்று புக வழியே இல்லை.

பூபாலன் அவனைத்தான் பார்த்தார். "ஏப்பா பாண்டி, மொதலாளி புதுசு மாட்டிக் குடுத்தா, நீ அதுக்குச் சட்ட போட்டு உட்டிருக்கறயா?"

சந்தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டிக்குள் தினமும் கை வைப்பவன் அவன்தான். எல்லோரும் நம்பத் தயாராக இருந்தார்கள். முதலாளி பேசாமல் நின்றிருந்தால் அன்றைக்கே நான் ஊர் பஸ்ஸில் ஏறியிருப்பேன். ("நான்" வந்துவிட்டது. இருக்கட்டும்.)

"அவனில்லீங்க" என்றார் முதலாளி. "நாந்தானுங்க சுத்துனேன். பஞ்சு புகுந்துருமேன்னு. தம்பிகிட்டச் சொல்லவே இல்லீங்க."

"சாமி படத்துக்குப் போடற மாதிரியே போட்டுட்டீங்களாங்ணா?"

"ஆமாங்க."

பிறகு, அதே இரண்டு பேர் முன்னால், அவன் பக்கம் திரும்பினார். "உன்னையப் போயி அப்படிக் கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத கண்ணு."

5

வண்டி சோதனையில் தேறிவிட்டது. சந்தனம் டீ வாங்கிக் கொடுத்தார். முடிவுதான் அகப்படவில்லை.

அவன் "பரவால்லண்ணே" என்றான் என்று முடித்துப் பார்த்தேன். அவனுக்கு வலிக்கவே இல்லை என்பது போல இருந்தது. அவன் நாலு வார்த்தை நன்றாகப் பேசினான் என்று முடிக்கலாம் என்றால், அவனுக்கு அப்படிப் பேச வராது. உண்மையில் அவன் செய்தது, கையிலிருந்த ஸ்பேனரை அவரிடம் கொடுத்ததுதான். அவருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆஷா, மூன்றாம் பகுதியை விட்டுவிட்டுப் படித்தால் அம்மா நிம்மதியாக இருக்கும். ஆனால் மூன்றை எடுத்தால் நான்கில் அவர் கேட்ட மன்னிப்பும் போய்விடும். அப்புறம் அவர் வெறுமனே ஃபில்டருக்குத் துணி சுற்றிய ஒரு மனுஷர். நான் ஏன் அவரை நினைத்து நினைத்துப் பேசுகிறேன் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. சேர்த்துப் படித்தாலோ, "எம்புள்ளையவா அப்படிக் கேட்டாங்க" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும்.

முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். கண்ணாடியில் பின்னால் இருக்கும் வேப்பமரம் தெளிவாகத் தெரிகிறது.

இதைப் படிப்பது ஆஷாவோ பக்கத்து வீட்டு நதியா அக்காவோ, யாராக இருந்தாலும் மூன்றாம் பகுதியைப் படிப்பதும் விடுவதும் உங்கள் பொறுப்பு. ஒன்றுதான் கேட்கிறேன். அம்மா சாப்பிட்டு முடித்த பிறகு ஆரம்பியுங்கள்.