பந்து மாறிய வருடம்

தமிழ்நிலாவின் ஆட்டம் பின்னால் நின்று ஆடும் ஆட்டம். மேசையை விட்டு ஆறேழு அடி தள்ளி நிற்பாள். எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தாலும் பந்தை அடியில் சீவித் திருப்பி அனுப்புவாள். அந்தப் பந்து கீழ்ச்சுழற்சியோடு போகும். எதிராளி தொட்டதும் வலையில் சரிந்துவிடும். டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் அதைக் கட் என்பார்கள். இந்தியப் பெண்களில் அப்படி ஆடுகிறவர்கள் மிகச் சிலர். அந்தக் கட்டை வைத்துத்தான் அவள் இருபத்திரண்டு வயதில் இந்திய அணிக்குப் போனாள். உலகத் தரவரிசையில் நூற்று நாற்பதாவது இடம் வரைக்கும் வந்தாள்.

2014ஆம் வருட நடுவில் பந்தை மாற்றினார்கள். செல்லுலாய்டு தீப்பிடிக்கக்கூடியது, இனிமேல் சர்வதேசப் போட்டிகளில் பிளாஸ்டிக் பந்துதான் என்று அறிவிப்பு வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மேசையில் விழும் சத்தம் மட்டும் கொஞ்சம் வறண்டிருந்தது. அடித்து ஆடுகிறவர்களுக்கு இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

மறுவருடம் ஜனவரியில் ஹங்கேரியில் சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் அவளுக்கு எதிராக வந்தவள் அந்த ஊர்க்காரி, அதற்கு முன் இரண்டு முறை அவளிடம் தோற்றவள். இந்த முறை நான்கு கேமும் நேராக எதிராளிக்கே போயின. எங்கே தவறு என்று தமிழ்நிலாவுக்கு விளங்கவில்லை. கால் சரியாக நின்றது, கை சரியாகப் போனது. ஆனால் வலையில் விழ வேண்டிய பந்துகள் எல்லாம் வலையைத் தாண்டித் திரும்பி வந்தன.

அவளுடைய அப்பா கொளஞ்சியப்பன் கம்மாபுரம் பக்கத்து ஆள். நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்து அங்கே வேலைக்கு வந்தவர், கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட். மகளின் ஆட்டத்தை அவர் போனில்தான் பார்ப்பார். அதில் ஆட்டம் தெரியாது, எண்கள் மட்டும் மாறும். அன்று செகண்ட் ஷிப்ட் டீ நேரத்தில் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, மகள் பக்கத்து எண் ஆறிலேயே நிற்பதையும் எதிர்ப்பக்கத்து எண் ஏறிக்கொண்டே போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போன் செய்தபோது, அங்கே குளிரா, சோறு கிடைத்ததா என்று மட்டும் கேட்டார்.

ஊருக்குத் திரும்பும்போது அவள் ஆறு பிளாஸ்டிக் பந்துகள் கொண்டுவந்தாள். உள்ளூர்க் கடைகளில் அவை வந்திருக்கவில்லை. டவுன்ஷிப் கிளப்பில் அவளோடு ஆடுகிறவர் செங்குட்டுவன். அனல்மின் நிலையத்தில் வேலை. ஒரு காலத்தில் மாநில அணியில் இருந்தவர். ஜெனரல் ஷிப்ட் முடிந்து வந்து ஒன்றரை மணி நேரம் அவளுக்கு எதிராக அடித்துக்கொண்டே இருப்பார். முதல் வாரத்திலேயே இரண்டு பந்துகள் விரிசல் விட்டன.

என் கட் எப்படி இருக்கிறது, உள்ளதைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்ன உன் பந்தைத் தூக்கி அடிச்சா வூட்டுக்குப் போறப்ப தோள் வலிக்கும் நிலா. இப்ப வலிக்கல."

புதுப் பந்து பேட்டில் ஒட்டிய ரப்பரைப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெளிவானது. அவள் கை கொடுக்கிற சுழற்சியைப் பந்து வாங்கிக்கொள்ளவில்லை. மூன்று விதமான ரப்பர்களை மாற்றிப் பார்த்தாள். மணிக்கட்டை இன்னும் வேகமாக வெட்டிப் பழகினாள். ஏப்ரலில் மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருந்தாள். கட்டைப் பிரித்ததும் பல்கேரியா போனாள், அங்கிருந்து செக். இரண்டு இடத்திலும் தகுதிச்சுற்றோடு திரும்பினாள். தரவரிசை இருநூற்றைத் தாண்டியது.

பழைய பந்தையே கொடுக்கச் சொல்லிக் கேட்கக் கூடாதா என்று ஒரு நாள் சாப்பிடும்போது கொளஞ்சியப்பன் கேட்டார். உலகம் முழுக்க மாற்றிவிட்டார்கள், யாரிடம் கேட்பது என்று அவள் சொன்னாள். மறுநாள் அவர் ஷிப்ட் முடிந்ததும் யூனியன் ஆபீஸுக்குப் போய்ச் சக்கரபாணியைப் பார்த்தார். முப்பது வருடமாக மனு எழுதுகிற மனிதர் சக்கரபாணி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சங்கத்தின் லெட்டர்பேடில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் டைப் அடித்தார். வேலை நிலைமையை மாற்றுகிறவர்கள் தொழிலாளிக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பதுதான் முறை. பந்தும் ஒரு விளையாட்டு வீராங்கனையின் வேலை நிலைமையே. இப்படிப் போனது அந்த மனு. ரிஜிஸ்தர் தபாலில் சுவிட்சர்லாந்தில் இருக்கும் உலக டேபிள் டென்னிஸ் சங்கத்துக்கு அனுப்பினார்கள்.

விஷயம் தெரிந்ததும் தமிழ்நிலாவுக்குக் கோபம் வந்தது. வெளியில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று அம்மா ஆதிலட்சுமியிடம் கத்தினாள். பிறகு மனுவின் நகலை எடுத்துப் படித்தாள். அவள் ஜெயித்த போட்டிகள் ஒன்றுவிடாமல் தேதியோடு அதில் இருந்தன. அப்பா சொல்லியிருக்க வேண்டும். கோபத்தை அதற்கு மேல் அவளால் பிடித்துவைத்திருக்க முடியவில்லை. மனுவுக்குப் பதில் வரவே இல்லை.

அக்டோபரில் போலந்து. அந்த வருடத்தில் அவளுக்குக் கடைசிப் போட்டி. முதல் ஆட்டத்தில் மறுபடியும் அந்த ஹங்கேரிக்காரி. அன்று தமிழ்நிலா நன்றாக ஆடினாள். மூன்றுக்கு மூன்று, கடைசி கேம், ஒன்பதுக்கு ஒன்பது வரைக்கும் கொண்டுபோனாள். அடுத்த பாயிண்டில் பந்து பதினைந்து முறையாவது மேசையைக் கடந்திருக்கும். பிறகு ஒரு பந்து முழங்கால் உயரத்தில், அவளுக்குப் பிடித்த இடத்தில் வந்தது. முழுக்கையையும் இறக்கிச் சீவினாள். இதைவிட நல்ல கட்டை அவள் வாழ்க்கையில் போட்டதில்லை. ரப்பரை விட்டுப் பந்து கிளம்பும்போதே அது தெரிந்தது. தாழ்வாக, நீளமாகப் போய் மேசையின் கோட்டோரம் விழுந்தது. எதிராளி அவசரப்படாமல் ஓரடி பின்னால் போய், முட்டியை மடக்கி, சாதாரணப் பந்தைத் தூக்குவது போல அதைத் தூக்கி அடித்தாள்.

பந்து தன்னைத் தாண்டிப் போனதைத் தமிழ்நிலா பார்த்தாள். அதற்கு அடுத்த பாயிண்ட் அவளுக்கு நினைவில்லை.

கை கொடுக்கும்போது அந்தப் பெண் அவள் கையை உடனே விடவில்லை. நீ எதையும் தவறாகச் செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். தோற்றதைவிட அதுதான் தாங்கவில்லை. தவறு இருந்தால் திருத்தியிருக்கலாம். தமிழ்நிலா உடை மாற்றும் அறைக்குப் போய் வெகுநேரம் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரியில் இந்திய அணியின் பயிற்சியாளர் போன் செய்தார். மலேசியாவில் உலக அணிப் போட்டி, அதற்கு முன் ஹைதராபாத்தில் முகாம். சில நாட்டு அணிகளில் கட் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், நம் பெண்கள் அதற்குப் பழக வேண்டும், நீ வந்தால் உதவியாக இருக்கும் என்றார். அணியில் இடமில்லை. அதை அவர் நயமாகத்தான் சொன்னார். வருகிறேன் என்றாள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தாள். அதற்குள் முகாமுக்கு வருகிறவர்களின் பட்டியல் வெளியாகிவிட்டது. கொளஞ்சியப்பன் அதைப் போனில் பார்த்தார். மூன்றாம் நாள் பகல், ஷிப்ட் பஸ்ஸில் இருந்து இறங்கி, பாதி காலியான மைசூர்பாகு டப்பாவோடு உள்ளே வந்தார்.

"பஸ்ல எல்லாருக்கும் குடுத்துட்டேன் பாப்பா. சக்கரபாணி அண்ணனுக்குத்தான் மொதல்ல. நம்ம மனுவாலதான்னு சொல்லிக்கினு இருக்காரு."

அவள் டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"நான் டீம்ல இல்லப்பா. அவங்க அடிச்சுப் பழகறதுக்கு எதிர்ல நின்னு பந்து போடணும். அதுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. யூனிஃபார்ம் சட்டையின் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். சமையலறையிலிருந்து ஆதிலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"பேரு போட்டிருந்துச்சே" என்றார்.

"போட்டிருக்காங்கப்பா."

"நாளைக்குப் பஸ்ல இன்னான்னு சொல்றது?"

அவரே ஹைதராபாத் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

முகாமில் நான்கு மேசைகள் போட்டிருந்தார்கள். கடைசி மேசை அவளுக்கு. பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவராக வந்து அரைமணி நேரம் அடித்துவிட்டுப் போனார்கள். அவள் காலையில் மூன்று மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் அதே இடத்தில் நின்றாள். ஐந்தாம் நாள் அவள் மேசைக்கு அபி வந்தாள். சென்னைப் பெண், பத்தொன்பது வயது, தமிழ்நிலாவின் இடத்தில் அணிக்குள் வந்தவள். மரியாதையானவள். முதல் நாளே அருகில் வந்து, சின்ன வயதில் உங்கள் ஆட்டத்தைப் பார்க்க அப்பா கூட்டிப்போவார் என்று சொல்லியிருந்தாள்.

இருபது நிமிடம் அபி ஒரு பந்தையும் விடாமல் தூக்கி அடித்தாள். பிறகு நிறுத்தி, மேசையைச் சுற்றி வந்து தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்க எனக்காகக் கொறைச்சுப் போட வேணாம். முழு கட்டும் போடுங்க. அப்பதான் பழகும்."

தமிழ்நிலா பேட்டைக் கை மாற்றிப் பிடித்து, உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்தாள்.

"இதான்மா முழுசும்" என்றாள்.

அபி தன் பக்கம் போய், கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்துச் சர்வ் போட்டாள். தமிழ்நிலா இரண்டடி பின்னால் போய் அதைச் சீவினாள்.