பாதிப் பட்டாளம்

மகனை ராணுவப் பயிற்சி முகாமுக்கு ரயிலேற்றிவிட அன்று நடைமேடையில் நின்றவர்கள் இவர்கள்: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகன், யாரும் கூப்பிடாமல் வந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்ற ஸ்டேஷன் மாஸ்டரின் தம்பி. வேறு யாரும் வரவில்லை. வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் அன்று அவரவர் வீட்டில் இருந்தார்கள்.

தம்பியை அண்ணன் பார்த்தார். பார்க்காத மாதிரி நின்றார். முப்பத்திரண்டு வருஷமாகப் பழகிப்போன பார்வை அது. இளவயதில் தம்பியும் இதே மாதிரி ஒரு முகாமுக்குப் போனவன்தான். ஏழாவது வாரம் சுவரேறிக் குதித்து, ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் துணிச்சுற்றுமாக வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் போலீஸ் தேடி வந்தது. அந்தக் குடும்பத்தின் வாசற்படியைப் போலீஸ் மிதித்தது அந்த ஒரு தடவைதான். தெரு அவனுக்குப் 'பாதிப் பட்டாளம்' என்று பேர் வைத்தது. இப்போது சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறான். கடைக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. பாதிப் பட்டாளம் கடை என்றால் போதும், யார் வேண்டுமானாலும் வழிகாட்டுவார்கள். அந்தப் பேரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அண்ணனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

ஆகவே மகன் பெட்டியை ஏற்றியதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"முழுசா முடிச்சுட்டு வா. பாதியில வர்றதா இருந்தா வராதே."

"போற பிள்ளைகிட்ட பேசற பேச்சா இது?" என்றாள் மனைவி.

"வேற யாரு பேசுவா? இந்த வீட்டில ஏற்கெனவே ஒருத்தன் போய் வந்த லட்சணம் தெரியாதா?"

குழாய்ப் பக்கம் கேட்கிற மாதிரிதான் சொன்னார். வண்டி நகர்ந்தது. மகன் கை ஆட்டினான். அம்மா தனக்கென்று நினைத்துக்கொண்டாள். தம்பியும் கையைத் தூக்கியிருந்தான்.

முகாமில் கைபேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மூன்று நிமிஷம் தொலைபேசி. மற்றதெல்லாம் கடிதம். ஸ்டேஷன் மாஸ்டர் வாரம் ஒரு கடிதம் எழுதினார். எழுதி, சாதாரணமாகப் பெட்டியில் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். நாற்பது வருஷம் கையெழுத்து வாங்காமல் ஒரு மூட்டையைக்கூட அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. பெற்ற பிள்ளைக்கு எழுதுவது மூட்டையைவிடக் குறைந்ததா? ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் மகனுடைய கையெழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"நேரா போட்டிருக்கான். உடம்பு நல்லா இருக்கு."

"கையெழுத்துல உடம்பு தெரியுமா உங்களுக்கு?"

"உன் கொழுந்தன் அன்னைக்கு எழுதினதெல்லாம் கோணலாத்தான் இருந்துச்சு."

நான்காவது வாரம் மகனிடமிருந்து கடிதம் வந்தது. பத்தே வரி. 'அப்பா, தயவுசெய்து சாதாரணத் தபாலில் போடுங்கள். பதிவுத் தபால் வந்தால் அணிவகுப்பின் நடுவில் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்வரை என் பிரிவில் முப்பத்தைந்து பேரும் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். யாரும் என்னோடு பேசுவதில்லை.'

மனைவிக்குக் கண் கலங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் அதை வேறு மாதிரி படித்தார். தம்பியும் அன்று இப்படித்தான் ஆரம்பித்தான். முதலில் பூட்ஸ் கடிக்கிறது என்றான். பிறகு கூட இருப்பவர்கள் சரியில்லை என்றான். அதன்பிறகு சுவர். ஓடப்போகிறவன் முதலில் சின்னச் சின்னக் குறையாகத்தான் சொல்லுவான் என்பது அவருடைய கணக்கு. பிடியைத் தளர்த்தக் கூடாது என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து வாரம் இரண்டு கடிதம். இரண்டும் பதிவுத் தபால்.

ஆறாவது வாரம் தொலைபேசி வந்தது.

"அப்பா, கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. கொப்புளம் உடைஞ்சு காலுறை ஒட்டிக்குது. முடியுமான்னு தெரியலப்பா."

"கால்தானே? தலை இருக்கில்ல?"

"அப்பா, நான் ஓடி வரேன்னு சொல்லலை. வலிக்குதுன்னுதான் சொல்றேன்."

"எல்லாருக்கும்தான் வலிக்கும். நம்ம வீட்டுப் பேரு இன்னொரு தடவை தெருவில கிடக்கிறதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். நினைப்பு வெச்சுக்கோ."

"அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தார். அவள் "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்பதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. செத்த தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அதை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எட்டாவது வாரம் அவர் அனுப்பிய கடிதமே திரும்பி வந்தது. உறையின் மேல் சிவப்பு முத்திரை: பெறுநர் வாங்க மறுத்தார்.

ஆள் அங்கே இல்லை, ஓடிவிட்டான், முகாம்காரர்கள் மறைக்கிறார்கள் என்றுதான் அவர் மனசு போயிற்று. ஓடியவன் எங்கே போவான்? சட்டையை மாட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு வருஷமாக மிதிக்காத பஞ்சர் கடைக்கு நேரே போனார்.

தம்பி ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா அவன்?"

தம்பி நிமிர்ந்தான். அண்ணன் தன்னோடு பேசுகிறார் என்பதை நம்ப அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. "யாரு அண்ணே?"

"உள்ள ஒளிச்சு வெச்சிருக்கியா? உன் வித்தையைச் சொல்லிக் குடுத்துட்டியா?"

"பையன் முகாம்லதான் இருக்கான். ஓடலை. போன வாரம் இருபது கிலோமீட்டர் மூட்டை தூக்கி நடந்திருக்கான், பிரிவிலேயே மூணாவது ஆளா வந்தானாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, திருகாணிகள் போடும் தகர டப்பாவிலிருந்து அஞ்சலட்டைகளை எடுத்தான். எல்லாம் மகன் கையெழுத்து. நாலைந்து இருக்கும்.

"அண்ணி வந்து அழுதாங்க. ஓடினவனைத்தான் கேக்கணும், உனக்கு எங்க வலிச்சுது, என்ன பண்ணியிருந்தா நின்னிருப்பேன்னு கேட்டாங்க. அதையெல்லாம் பையனுக்கு எழுதினேன். ரெண்டு காலுறை போடணும், உள்ளே போடறதைத் திருப்பிப் போடணும், குதிகால்ல சோப்பு தேய்க்கணும். ஏழாவது வாரம்தான் மோசம், அதைத் தாண்டினா சுவர் கண்ணுல படாதுன்னு எழுதினேன். எனக்கு அன்னைக்கு இதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை அண்ணே."

"நான் எழுதினேனே உனக்கு."

"எழுதினீங்க. ஒவ்வொரு வாரமும். குடும்ப மானம் குடும்ப மானம்னு. ஒரு தடவை கால் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

ஸ்டேஷன் மாஸ்டரின் கண் அந்த அட்டைகளின் மேலேயே இருந்தது. தன் வீட்டுக்குப் பத்து வரி எழுதியவன் இந்தத் தகர டப்பாவுக்கு இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருந்தான்.

பன்னிரண்டாவது வாரம் உறை வந்தது. பயிற்சி முடிந்து வெளியேறும் விழாவுக்கு ஒவ்வொருவனும் இரண்டு பேரைத்தான் அழைக்கலாம். அந்த இருவரில் ஒருவர்தான் மைதானத்தில் இறங்கி அவன் தொப்பியில் சின்னத்தைக் குத்தவேண்டும். அது அப்பாவின் வேலை என்பதில் ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பழைய வெள்ளைக் கோட்டைச் சலவைக்குப் போட்டாயிற்று. மனைவி உறையைப் பிரித்து, அனுமதிச் சீட்டு இரண்டையும் மேஜையில் வைத்தாள். ஒன்றில் அவள் பேர். இன்னொன்றில் தம்பியின் பேர். அதன் கீழே, 'சின்னம் குத்துபவர்'.

"ஆள் மாறி அச்சடிச்சுட்டாங்க" என்றார்.

"இல்லீங்க. அவன்தான் எழுதிக் குடுத்திருக்கான்."

"ஓடிப்போனவன் கையால பட்டாளச் சின்னமா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். என் பிள்ளை நிக்கிறான்ல, அது போதும்."

"நான் அப்பன்டி."

"நான் இல்லைன்னா சொன்னேன்?" என்றாள் அவள். சீட்டுகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மனைவியும் தம்பியும் முதல் வண்டியில் போனார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த வண்டியில், வெள்ளைக் கோட்டும் மெருகேற்றிய பித்தளைப் பொத்தானுமாகத் தனியாகப் போனார். வாசலில் பதவியைச் சொன்னால் வழி விடுவார்கள் என்று நினைத்திருந்தார். காவலுக்கு நின்றவன் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தான்.

"பேர் இல்லைங்களே ஐயா."

"நான் அவனைப் பெத்தவன்."

"புரியுதுங்க. பட்டியல்ல இருந்தாத்தான் விட முடியும்."

"உள்ளே சொல்லி அனுப்பு. அப்பா வந்திருக்கார்னு சொல்லு. அதுக்கப்புறம் பார்."

காவலாள் அறைக்குள் போய்த் தொலைபேசியில் பேசினான். வெகுநேரம் கழித்து ஒரு நாற்காலியோடு வெளியே வந்தான்.

"நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போகுதுங்க ஐயா. இனிமே யாரும் உள்ளே போக முடியாது. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. உள்ளே வாத்தியம் முழங்கியது. பூட்ஸ் சத்தம் ஒரே தாளத்தில் நெருங்கி வந்தது, நின்றது. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். மகன் பேரைக் கூப்பிட்டபோது கைதட்டல் கேட்டது. சுவர் உயரமானது, எதுவும் தெரியவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

காவலாள் செய்தியை உள்ளே சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் பிள்ளை அணிவகுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்திருப்பான் என்று உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரும் அதை மறுப்பதில்லை. அது தவறு. செய்தி போய்ச் சேர்ந்தது. விழா தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. தம்பி பக்கத்தில்தான் நின்றான், "நான் போய்க் கூட்டிட்டு வரேன்டா" என்றான். மகன், "வேண்டாம் சித்தப்பா. நான் கூப்பிட்டவங்க வந்தாச்சு" என்றான்.